அகல டயரும் ஃபைபர் மட்கார்டும்: மலை வண்டிக்கு எந்த வழி?

நீலகிரியில் ஒரு பழைய மாருதி ஜிப்சியின் முன் மட்கார்டு ஃபைபராக இருந்தால், ஓட்டுபவர் ரேஸ்காரர் என்று நினைக்க வேண்டாம். தகரம் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும், அவ்வளவுதான். குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கும் மழையில் மட்கார்டின் உள்மடிப்பில் சேறு தங்கும். அதன் பிறகு நாள் கணக்கில் நிற்கும் மூட்டத்தில் அந்தச் சேறு காய்வதே இல்லை. அரிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். ஃபைபருக்கு, அதாவது கண்ணாடி இழையும் ரெசின் என்ற பிசினும் சேர்த்துச் செய்த சரக்குக்கு, அந்த வியாதி கிடையாது, எடையும் குறைவு. ஆனால் அதே வண்டிக்கு அகலமான டயர் போட ஆசை வந்து, ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது 'சர்ர்' என்று உரச ஆரம்பித்ததும் ஃபைபரின் இன்னொரு குணம் தெரியவரும். தகரத்தை மடக்கலாம், தட்டி வெளியே தள்ளலாம். ஃபைபரை மடக்கினால் விரிசல் விடும். வெட்டலாம், ஒட்டலாம், அவ்வளவுதான் அதனிடம் செல்லும்.

கடையில் கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ரிம்மை மாற்று என்பார் ஒருவர், ஓரத்தை வெட்டிவிடு என்பார் இன்னொருவர். மேலே ஃபிளேர் என்ற பட்டையை வைத்து போல்ட் போடலாம், மட்கார்டையே பிளந்து அகலப்படுத்தலாம், அகலமாகச் செய்து விற்கும் புது மட்கார்டை வாங்கி மாட்டலாம். ஐந்துமே நடக்கிற வேலைதான். என் கட்சி இது: தினமும் காட் ரோட்டில் ஏறி இறங்கும் வண்டியென்றால் முதலில் ரிம்மைப் பாருங்கள். அதில் தீராவிட்டால் கொஞ்சம் வெட்டி ஃபிளேர் போடுங்கள். பிளந்து அகலப்படுத்துவது அழகான வேலை, ஆனால் அதை மலையில் வைத்துச் செய்யாதீர்கள்.

முதலில் உரசும் இடம்

சமதளத்தில் நிறுத்தி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கில் மூக்கு அமுங்கும், ஸ்டியரிங் கடைசிவரை ஒடியும், வளைவின் வெளிப்பக்கத்து ஸ்பிரிங் பட்டை மேல் பாரம் விழும். உரசல் அந்த நேரத்தில்தான் வரும். அதைக் கடை வாசலிலேயே உண்டாக்கிப் பார்க்கலாம். ஒரு பக்க முன் டயரை முக்கால் அடி உயர மரக்கட்டை மேல் ஏற்றுங்கள். கை பிரேக் போட்டு, பின் டயர்களுக்குக் கல் வையுங்கள். டயரின் ஓரத்திலும் பக்கவாட்டிலும் சாக்பீஸைத் தாராளமாகத் தேய்த்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடியுங்கள். வெள்ளை எங்கே ஒட்டுகிறதோ அங்கேதான் வேலை. பிறகு மறுபக்க டயர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்ப வேண்டாம், பழைய பட்டைகள் பெரும்பாலும் ஒரு பக்கம் அதிகமாகத் தொய்ந்திருக்கும்.

வெள்ளை உள்ளே ஸ்பிரிங் பட்டையிலோ சேசிஸிலோ ஒட்டியிருந்தால் மட்கார்டை எவ்வளவு வெட்டினாலும் பிரயோஜனம் இல்லை. டயர் உள்ளே போய்விட்டது, ரிம்மின் ஆஃப்செட்தான் கோளாறு, அதாவது ரிம் போல்ட் ஆகும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு. மட்கார்டின் வெளி உதட்டில் ஒட்டியிருந்தால் டயர் வெளியே வந்துவிட்டது. கீழே வரும் வெட்டு, ஃபிளேர், ஒட்டு எல்லாம் இப்படி உரசும் வண்டிக்குத்தான். வளைவின் பின்மூலையில், கதவுக்கு முன்னால் ஒட்டியிருந்தால் டயரின் உயரம் கூடிவிட்டது. அங்கே ஃபைபரை வெட்டி எறிந்தாலும் அதற்குப் பின்னால் பாடியின் தகரம் நிற்கும். அதில் கை வைப்பது வேறு வைத்தியம்.

உயரக் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதில்லை. ஜிப்சி கிங்குக்குக் கம்பெனி கொடுத்த டயர் 205/70 ஆர்15, அதாவது 205 மில்லிமீட்டர் அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 15 இஞ்ச் ரிம். அதன் விட்டம் 668 மில்லிமீட்டர். எல்லோரும் ஆசைப்படும் 235/75 ஆர்15-க்கு 733. அகலத்தில் 30 மில்லி கூடுவது கண்ணுக்குத் தெரியும், ஆரத்தில் 33 மில்லி கூடுவது தெரியாது. ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 66-இல் போய்க்கொண்டிருக்கும். மலையில் அதைவிட உறைக்கும் விஷயம், அதே வேகத்தில் என்ஜின் சுற்று சுமார் 9 சதவீதம் குறைந்துவிடும். ஏற்றத்தில் இரண்டாவது கியர் முனகும். இறக்கத்தில் என்ஜின் பிடித்து நிறுத்தும் பலமும் குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். நடுவில் 215/75 ஆர்15 என்று ஓர் அளவு இருக்கிறது, ஆரத்தில் 18 மில்லிதான் ஏறும். எஸ்டேட் ரோட்டில் போய்வரும் வண்டிக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ரிம்மில் தீரும் வழக்கு

235/75 டயர் 6 இஞ்ச் முதல் 8 இஞ்ச் வரையுள்ள ரிம்மில் உட்காரும். 6.5 இஞ்ச்தான் அதற்கு இயல்பான அளவு. ஆனால் ஆட்கள் தேடிப்போவது 8 இஞ்சை, அதுவும் வெளியே பிதுங்கி நிற்கும் ஆஃப்செட்டில். 5.5 இஞ்ச் ரிம்மைக் கழற்றி அதே ஆஃப்செட்டில் 7 இஞ்ச் மாட்டினால் உள்ளே 19 மில்லி, வெளியே 19 மில்லி கூடும். 8 இஞ்ச் என்றால் பக்கத்துக்கு 32. ஆஃப்செட்டையும் 25 மில்லி வெளியே தள்ளினால் வெளிப்பக்கம் மட்டும் 57 மில்லி, மூன்று விரல் அகலம். அந்த மூன்று விரலை மூடத்தான் பிறகு மட்கார்டை வெட்டி, ஒட்டி, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பார்த்து, பெயின்ட் அடிக்கிறோம்.

டயர் வெளியே போகப்போக வீல் பேரிங்குக்குச் சுமை ஏறும், குழியில் விழும்போது ஸ்டியரிங் கையை உதறும். ஒரிஜினல் ரிம்மை வெளியே தள்ள அதன் பின்னால் ஸ்பேசர் தட்டு வைத்தாலும் விளைவு அதேதான். மட்கார்டுக்கு வெளியே நிற்கும் டயர், மழைக்காலத்தில் சேற்றையும் சின்னக் கற்களையும் சொந்தக் கதவின் மேலும் பின்னால் வரும் பைக்காரர் முகத்தின் மேலும் வாரி இறைக்கும். ஆக, உதட்டில் மட்டும் உரசல், உள்ளே இடம் இருக்கிறது என்றால், 6.5 அல்லது 7 இஞ்ச் ரிம்மைச் சரியான ஆஃப்செட்டில் தேடி மாட்டுவதுதான் முதல் வைத்தியம். மட்கார்டில் ஒரு கீறல் விழ வேண்டியதில்லை.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். நீலகிரியின் டி.என்.43 நம்பரில் ஓடும் ஜிப்சிகளில் பல 15 வருடத்தைத் தாண்டியவை, அதன் பிறகு பதிவைப் புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். விபத்து க்ளெய்மில் இன்ஷூரன்ஸ்காரரும் சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டலாம். தனியார் நிலத்தில் நடக்கும் ஆஃப்ரோடு போட்டிக்காக மட்டும் வண்டி வைத்திருப்பவர் கணக்கு வேறு. ரோட்டில் ஓட்டுபவர் எந்த வேலையைச் செய்தாலும், ஒரிஜினல் மட்கார்டையும் ரிம்மையும் எடைக்குப் போடாமல் வைத்திருப்பது நல்லது. திரும்ப முடிகிற மாற்றம் எப்போதும் ஒரு படி மேல்.

ஓரத்தை வெட்டுவது

பத்து, பதினைந்து மில்லிதான் இடிக்கிறது என்றால் இது போதும். எளிதாகத் தெரியும் வேலை, அதனால்தான் கெடுத்துவிடுகிறார்கள். மட்கார்டின் வளைவு ஓரம் உள்பக்கம் மடிந்து ஒரு உதடு போல இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்த மடிப்புதான் முழு வளைவுக்கும் விறைப்பு கொடுக்கிறது. கிரைண்டரில் அதைச் சீவி எறிந்தால் டயருக்கு இடம் கிடைக்கும், மட்கார்டு தகடு போல ஆட ஆரம்பிக்கும். கல் பாவிய எஸ்டேட் பாதையில் சில மாதம் ஓடினால் ஓரத்தில் முடி போல மெல்லிய வெடிப்புகள் வரும்.

வெட்டியவர் அதோடு விடாமல், உள்பக்கம் ஓரத்திலிருந்து கொஞ்சம் மேலே தள்ளி, டயர் தொடாத உயரத்தில், ஃபைபர் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) இரண்டு அடுக்கு வைத்து ஒரு புது முதுகு கட்ட வேண்டும். வெட்டிய முனையை ரெசின் தடவி அடைக்க வேண்டும். வெட்டிய ஃபைபரின் ஓரத்தைக் கிட்டத்தில் பார்த்தால் கண்ணாடி இழைகளின் நுனிகள் தெரியும். அந்த நுனிகள் வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும். சமவெளியில் ஒரு வெயிலில் காய்ந்துவிடும், நம்ம மூட்டத்தில் காயாது, அடுக்குகள் மெல்லப் பிரியும். வெட்டும்போது மாஸ்க் போடாமல் நிற்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது கண்ணாடித் தூள். முழுக்கைச் சட்டையும் நல்ல மாஸ்க்கும் இல்லாமல் அதில் கிரைண்டர் வைக்கவே கூடாது.

ஃபிளேர்

ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ ஃபைபரிலோ வரும் புருவம் போன்ற பட்டை. மட்கார்டு வளைவின் மேல் வைத்து போல்ட் போட்டால் 40, 50 மில்லி கூடுதலாக மூடும். இடிக்கும் ஓரத்தைக் கீழே வெட்டியிருந்தால் அந்த வெட்டையும் மறைத்துவிடும். அழகு பார்ப்பவர்கள் 'ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கு' என்று முகம் சுளிப்பார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நம்ம ரோட்டை யோசியுங்கள். எதிரே பஸ் ஏறி வருகிறது, ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, நீங்கள் ஒதுங்கி மண் சரிவுக்குப் பக்கத்திலோ தடுப்புச் சுவருக்குப் பக்கத்திலோ ஒட்டி நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் 50 மில்லி அகலம் கூடிய வண்டி எப்போதாவது எங்காவது தேய்க்கும். ரப்பர் ஃபிளேர் மடங்கி நிமிரும், போனால் நாலு போல்ட்டைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். பிளந்து ஒட்டிய ஃபைபர் மட்கார்டு அதே தேய்ப்பில் உடையும், மறுபடி மேட், ரெசின், பட்டி, பெயின்ட். மலையில் நான் ஃபிளேர் பக்கம் சாய இதுதான் முக்கியக் காரணம்.

ஃபைபரில் பாப் ரிவெட்டை நேராக அடிக்கக் கூடாது. ரிவெட் உள்ளே விரியும்போது துளையைச் சுற்றி நட்சத்திரம் போல வெடிக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட், பின்பக்கம் அகலமான வாஷர். துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் டிரில் வைத்தால் மேல் பூச்சு பெயராது. துளை போல்ட்டைவிட ஒரு மில்லி பெரிதாக இருக்கட்டும், துளையின் உள்சுவரிலும் ஒரு சொட்டு ரெசின் தடவுங்கள். ஃபிளேருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் நாடா வைக்காவிட்டால் அந்த இடுக்கில் சேறு தங்கிப் பெயின்ட்டை உப்புத்தாள் போல அரைத்துவிடும்.

புது அகல மட்கார்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாங்குவதற்கு முன் உள்பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மேட் ஒரே சீராகத் தெரிய வேண்டும், ஓரிடத்தில் வெளிச்சம் பளிச்சென்று ஊடுருவினால் அங்கே ரெசின் மட்டும்தான் இருக்கிறது. பானட் இடைவெளி, ஹெட்லைட் உட்காரும் இடம், போல்ட் துளைகள் மூன்றும் பொருந்துகிறதா என்று வண்டியில் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மாதிரி வண்டி வைத்திருந்தால் சொந்தமாக அச்சு எடுப்பதிலும் நியாயம் உண்டு. ஒரு ஜோடிக்காக அச்சு என்பது பண விரயம்.

பிளந்து அகலப்படுத்துவது

நேர்த்தியாகச் செய்தால் இதைப்போல ஒன்று இல்லை. மட்கார்டு பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று தோன்றும். வேலையின் முதல் பாதியை மலையிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும், ஏனென்றால் அளவு வண்டியின் மேல்தான் கிடைக்கும். மட்கார்டு வண்டியில் இருக்கும்போதே வளைவுக்கு மேலே நாலு விரல் தள்ளிக் கோடு போட்டு, கிரைண்டரில் பிளந்து, கீழ்ப்பகுதியை வேண்டிய அளவு வெளியே இழுக்க வேண்டும். குறுக்கே அலுமினியத் துண்டுகளை ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். சாக்பீஸ் சோதனையை மறுபடி செய்து, பானட்டையும் கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். திருப்தி என்றால் மட்கார்டை அப்படியே கழற்றி, பிக்கப்பில் போட்டு, கீழே மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ கொண்டுபோங்கள். ரெசின் டப்பாவை அங்கே திறங்கள்.

'மேல வச்சு ஊத்துனா ஒட்டுமுங்க, காயாதுங்க' என்று கோவைப் பக்கத்து ஃபைபர் மேஸ்திரிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாலியெஸ்டர் ரெசின் ஹார்ட்னரோடு சேர்ந்து தானே சூடாகி இறுகும் சரக்கு. 20, 25 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்யும். 15-க்குக் கீழே போனால் தயங்கும். ஊட்டியில் மார்கழி, தை இரவுகள் பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும். கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஆடி மழை, கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை என்று ஈரம் வேறு, மேட்டில் ஈரம் ஏறினால் ரெசின் இழையைச் சரியாகப் பிடிக்காது. குளிருக்கு மருந்து என்று ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றுவது பெரும்பாலானோர் செய்யும் தப்பு. 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் என்பதுதான் கணக்கு. அதைத் தாண்டினால் ஓரிடத்தில் கொதித்து வெடிக்கும், இன்னோரிடத்தில் மொறுமொறுவென்று ஆகும். மேலேயே செய்தாக வேண்டும் என்றால் மாசி, பங்குனியில், கதவடைத்த அறையில், ஹாலோஜன் விளக்கால் மட்கார்டையும் ரெசினையும் முன்கூட்டியே சூடாக்கிச் செய்யுங்கள். இறுகுவதை வேகப்படுத்த ரெசினில் ஊற்றும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றொன்று.

மட்கார்டைக் கழற்ற முடிகிற ஜிப்சிக்காரர் பாடு பரவாயில்லை. பின்னாளில் சிபானி என்று பெயர் மாறிய பெங்களூர் கம்பெனி 1982-இல் கொண்டுவந்த டால்பின் போல, உடம்பு முழுக்க ஃபைபரான வண்டியை இன்னும் யாராவது துணி போட்டு மூடி வைத்திருந்தால், அவர் காரோடு இறங்க வேண்டியதுதான். அதில் மட்கார்டு தனியாக வராது.

ஒட்டும் இடத்தில் சிக்கனம் கூடாது. இரண்டரை மில்லி கனமுள்ள மட்கார்டு என்றால் பிளவின் இரண்டு பக்கமும் மூன்று சென்டிமீட்டராவது சரிவாகத் தேய்க்க வேண்டும், அதாவது கனத்தைப்போல் 12 மடங்கு. பெயின்ட், பழைய பட்டி, மேல் பூச்சு எல்லாம் போய் ஃபைபர் தெரிய வேண்டும். அசிட்டோன் போட்டுத் துடைத்து, உள்பக்கம் முதலில் 300 கிராம் மேட் (சதுர மீட்டருக்கு உள்ள எடை) ஓர் அடுக்கு, பிறகு 450 கிராம் இரண்டு அடுக்கு. வெள்ளையாக இருக்கும் மேட் ரெசின் குடிக்கக் குடிக்க நிறம் இழந்து கண்ணாடியாகும். எங்காவது வெள்ளைப் புள்ளி நின்றால் அங்கே காற்று. பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி அதை வெளியேற்ற வேண்டும். வளைவுக்கு உருவம் கொடுக்க நடுவில் ஏதாவது அடைக்க வேண்டுமென்றால் பி.யூ. (பாலியூரிதேன்) ஃபோம் வையுங்கள். தெர்மாகோல் வைத்தால் பாலியெஸ்டர் ரெசின் பட்டதும் அது கரைந்து குழியாகிவிடும். மிச்சப் பள்ளத்தைப் பட்டியால் நிரப்பலாம், ஆனால் மூன்று மில்லிக்கு மேல் பட்டி என்றால் அது ஃபைபர் வேலை இல்லை.

எபாக்ஸி ரெசின் பழைய ஃபைபரை இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், சந்தேகமில்லை. விலை அதிகம். சாதாரண மேட்டை ஒட்டவைத்திருக்கும் பசை எபாக்ஸியில் கரையாது என்பதால் நெய்த கண்ணாடித் துணிக்குப் போக வேண்டும். அதன் மேல் பிறகு பாலியெஸ்டர் வகை எதையும் ஏற்றினால் சரியாக இறுகாமல் தொல்லை கொடுக்கும். மட்கார்டு ஏற்கனவே பாலியெஸ்டர், உடைந்தால் பக்கத்துக் கடையில் பழுது பார்க்கும் சரக்கும் அதுதான். நான் அதிலேயே நிற்பேன்.

காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காற்றுப் பட்ட பக்கம் லேசாகப் பிசுபிசுப்பது பாலியெஸ்டரின் சுபாவம், அசிட்டோனில் துடைத்துவிடலாம். நகத்தை அழுத்தினால் தடம் விழக் கூடாது. ஒரு ரூபாய் நாணயத்தால் ஒட்டு நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். 'டிக் டிக்' என்று வந்தால் சரி, எங்காவது 'தொப்' என்றால் உள்ளே அடுக்கு பிடிக்கவில்லை, அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி போட வேண்டும்.

கடைசியில் அவசரப்படும் இடம் பெயின்ட். குளிரில் பாதி இறுகிய ஒட்டு, மலையில் இருக்கும்வரை கண்ணாடி போல இருக்கும். ஒருநாள் கோவை வெயிலில் வண்டியை நிறுத்தினால் மிச்சம் இறுகி, சுருங்கி, பிளந்த கோடு பெயின்ட்டுக்கு மேலே அப்படியே எழுந்து நிற்கும். ஒட்டி முடித்ததும் ஒரு வாரமாவது மட்கார்டைக் கீழேயே வெயிலில் கிடக்க விடுங்கள். மேலே கொண்டுவந்து எபாக்ஸி பிரைமர் மட்டும் அடித்து மாட்டி, கீழே ஒரு தடவை வெயிலில் நிறுத்திவிட்டு வாருங்கள். கோடு தெரிந்தால் தேய்த்து மறுபடி பிரைமர், தெரியாவிட்டால் கலர்.